சந்தியாகப்பரை நோக்கி 115 கிலோமீட்டர்: கமினோ பாதையில் குழுவோடு நடக்கப் போகிறவர்களுக்கு

தங்கச்சிமடத்துக்கு அருகே வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. சந்தியாகு என்ற பெயர் நம் கடற்கரை ஊர்களில் இன்றும் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அதே புனிதரை யாகப்பர் என்பார்கள். இந்தப் பெயர் போர்த்துக்கீசியரோடு கடல் தாண்டி வந்தது. செபதேயுவின் மகன், யோவானின் சகோதரர், மீன்பிடி வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன யாக்கோபுதான் அங்கே சந்தியாகோ. அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில் இருக்கிறது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நம்பிக்கை. 9ஆம் நூற்றாண்டில் பெலாயோ என்ற துறவி ஒரு காட்டில் வெளிச்சங்களைக் கண்டார் என்றும், ஆயர் தெயோதொமிரோ அங்கே கல்லறையைக் கண்டறிந்தார் என்றும், அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோ அதன் மேல் கோயில் கட்டினார் என்றும் சொல்கிறது மரபு. அங்கே போய்ச் சேரும் பாதைகளுக்குப் பொதுப் பெயர் கமினோ. ஸ்பானிய மொழியில் 'வழி' என்று பொருள்.

இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். 2024இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு யாத்திரைச் சான்றிதழ் வழங்கப்பட்டது. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குக் குழு நடைப்பயணம் நல்ல வாசல். நானும் அந்த வாசல் வழியாகத்தான் போனேன். போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பாதை, எவ்வளவு தூரம்

புகழ்பெற்றது 'பிரெஞ்சு வழி'. பிரான்ஸ் எல்லையில் சேன்-ஜான்-பியே-தெ-போர் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, ஏறக்குறைய 780 கிலோமீட்டர் போகிறது. முழுவதும் நடக்க ஐந்து வாரம் வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எளிதல்ல. அதனால் முதன்முறை போகும் குழுக்களில் பெரும்பாலானவை சாரியா என்ற சிற்றூரில் தொடங்குகின்றன. அங்கிருந்து சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்கு ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ஐந்து அல்லது ஆறு நாள் நடை.

ஏன் சாரியா? கொம்போஸ்தேலா என்ற இலத்தீன் சான்றிதழைப் பெற, கால்நடையாக வருகிறவர்கள் சந்தியாகோவில் முடியும் ஒரே பாதையில் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். 2025க்கு முன் அது சந்தியாகோவுக்கு முந்தைய கடைசி 100 கிலோமீட்டராகவே இருக்க வேண்டும் என்பது விதி. சைக்கிளில் வருகிறவர்களுக்கு 200. சந்தியாகோவுக்கு 100 கிலோமீட்டர் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ரயில் நிற்கிற, தங்க இடம் உள்ள ஊர் சாரியா. மஞ்சள் அம்புக்குறிகளைத் தொடங்கிவைத்த பாதிரியார் எலியாஸ் வலீஞா பிறந்ததும் இந்தப் பகுதியில்தான். 1980களில் இந்தப் பாதையை உலகம் மறந்துகொண்டிருந்தபோது அவர் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு புறப்பட்டு மரங்களிலும் சுவர்களிலும் அம்பு வரைந்தார். இன்று வழிதவறாமல் நீங்கள் நடப்பது அவர் போட்ட கோட்டில்.

குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது

மூன்று வகைக் குழுக்கள் உண்டு. பங்குத்தந்தையோ வேறு குருவோ கூட வரும் பங்குக் குழு. அதில் தினமும் திருப்பலி, மாலை செபமாலை இருக்கும். அடுத்தது, வழிகாட்டியும் வேனும் வைத்து நடத்தும் பயண நிறுவனக் குழு. மூன்றாவது, தங்குமிடமும் பை தூக்கும் ஏற்பாடும் மட்டும் செய்துகொடுத்து, நடையை உங்களிடமே விட்டுவிடும் திட்டம். முதன்முறை என்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுங்கள். மூன்றாவது மலிவுதான். ஆனால் இரண்டாம் நாள் முழங்கால் வீங்கினால் ஓட்டல்காரரிடம் ஸ்பானிய மொழியில் பேசி வாடகைக் கார் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

எந்த வகையானாலும், முன்பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: 'அவரவர் வேகத்தில் நடக்கலாமா, அல்லது எல்லோரும் சேர்ந்துதான் நடக்க வேண்டுமா?' சேர்ந்துதான் என்று பதில் வந்தால் வேறு குழு பாருங்கள். வேகமாக நடப்பவரை மெதுவாக நடக்க வைத்தால் அவருக்கு இடுப்பு வலிக்கும். மெதுவாக நடப்பவரை விரட்டினால் பாதம் கிழியும். நல்ல குழுவில் காலையில் ஒன்றாகப் புறப்படுவார்கள், நடுவில் ஒரு காப்பிக் கடையில் சந்திப்பார்கள், மாலையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இடைப்பட்ட நேரம் அவரவர்க்கு. கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நடப்பாரா என்பதையும் கேளுங்கள். முன்னால் நடக்கும் வழிகாட்டியைவிடப் பின்னால் வரும் வழிகாட்டிதான் புதியவருக்குத் துணை.

இரண்டாவது கேள்வி: 'முழுத் தூரமும் நடக்கிறோமா?' சில விடுமுறைத் திட்டங்களில் அழகான பகுதிகளை மட்டும் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க வைத்து, மிச்சத்தை பஸ்ஸில் கடப்பார்கள். வயதானவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழ் கிடைக்காது. விளம்பரத்தில் இது சின்ன எழுத்தில் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் மதியம் மெலீதே என்ற ஊரில், அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒருங்கிணைப்பாளர் அன்போடு அவரை வேனில் ஏற்றி அன்றைய இரவு தங்கும் ஊரில் விட்டார். ஏறக்குறைய 14 கிலோமீட்டர் விடுபட்டது. மறுநாள் வலி குறைந்து அவர் எங்களோடு கடைசிவரை நடந்தார். சந்தியாகோவில் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் கேட்டபோது உண்மையைச் சொன்னார். கடைசி 100 கிலோமீட்டரில் இடைவெளி விழுந்ததால், அன்றைய விதிப்படி சான்றிதழ் இல்லை. நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் இருந்தவர், கூடத்தின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. வேனில் போனது தவறல்ல. மறுநாள் காலை அதே மெலீதேயில் கொண்டுபோய் இறக்கி, விட்ட இடத்திலிருந்து நடக்க வைத்திருக்க வேண்டும். அதற்குப் பயணத் திட்டத்தில் உபரியாக ஒரு நாள் வேண்டும். அந்த உபரி நாள் இருக்கிறதா என்பது உங்கள் மூன்றாவது கேள்வி.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும். குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை ஸ்பானியப் பள்ளிப் பிள்ளைகளால் சாரியா பாதை நிரம்பி வழியும். குளிர்காலத்தில் தங்குமிடங்கள் பல மூடியிருக்கும். மழை மட்டும் எந்த மாதத்திலும் வரும். கலீசியாவின் பச்சை அந்த மழையால் வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த ஆண்டு புனித ஆண்டு. அடுத்தது 2027. பேராலயத்தின் புனிதக் கதவு வழக்கமாகப் புனித ஆண்டில்தான் திறந்திருக்கும். அருளுக்காகப் போகிறவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. அமைதிக்காகப் போகிறவர்கள் வேறு ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கோடைகாலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நடைப்பயணிகள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு இரவும் வேறு ஊர், வேறு விடுதி. குழு நடத்துபவரிடம் ஒவ்வொரு இரவுக்கும் விடுதிப் பெயர், முகவரி, முன்பதிவு உறுதி ஆகியவற்றோடு ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். 'சாரியாவிலிருந்து சந்தியாகோ வரை நடைப்பயணம்' என்று ஒற்றை வரி எழுதினால் போதாது.

சாரியா போய்ச் சேர மத்ரீதிலிருந்து ரயில் உண்டு. சந்தியாகோ விமான நிலையத்தில் இறங்கினால் பஸ்ஸில் லூகோ போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் சாரியா. பல குழுக்கள் வேன் அனுப்புவார்கள். நடை தொடங்குவதற்கு ஒரு முழு நாள் முன்பே போய்ச் சேருங்கள். விமானத்தில் வீங்கிய காலோடு மறுநாள் 22 கிலோமீட்டர் நடக்கக் கூடாது.

உடம்பைப் பழக்குவது

பத்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரங்களில் வாரத்தில் நான்கு நாள் ஐந்து கிலோமீட்டர். பிறகு ஒரு நாள் நடையை எட்டு, பன்னிரண்டு, பதினைந்து என்று கூட்டுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது அடுத்தடுத்த நாள் நடை. ஒரு நாள் இருபது கிலோமீட்டர் யாரும் நடந்துவிடலாம். மறுநாள் காலை அதே காலோடு மறுபடி இருபது நடப்பதுதான் கமினோ. கடைசி நான்கு வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து நடந்து பாருங்கள். சமதரையில் மட்டும் நடந்தால் போதாது. பாதை முழுவதும் ஏற்றமும் இறக்கமும். மலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள், அடுக்குமாடிப் படிகளைப் பயன்படுத்துங்கள். ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவது முழங்காலை வாங்கும். ஆகவே இறங்கிப் பழகுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். இதில் சமாதானம் வேண்டாம்.

பாதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். வழக்கமான அளவைவிட ஓர் எண் பெரிதாக எடுங்கள். சரிவில் இறங்குவதுபோல நின்று பார்த்தால் கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. இடித்தால் இரண்டாம் நாள் நகம் கறுத்துவிடும். கணுக்கால் வரை மூடும் கனமான மலையேற்றப் பூட்ஸ் இந்தப் பாதைக்குத் தேவையில்லை. அடிப்பிடிப்பு நன்றாக உள்ள நடை ஷூ போதும். குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்து பழகிய ஷூவோடு போங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வாங்குங்கள்.

காலையில் ஷூ போடுமுன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாஸ்லின் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, ஷூவையும் காலுறையையும் கழற்றி, காலைக் காற்றில் காயவிடுங்கள். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அந்த இடம் சுடும், சின்ன மணல் உள்ளே புகுந்ததுபோல உறுத்தும். அந்த நிமிடமே நில்லுங்கள். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்காதீர்கள். குழுவில் எல்லோரும் போய்விடுவார்களே என்ற கூச்சம்தான் புதியவர்களின் பாதத்தைக் கெடுக்கிறது. அந்த இடத்தைத் துடைத்து, உலரவிட்டு, மருத்துவ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, காலுறையை மாற்றிப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் ஐந்து நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

பை

பெரிய பையை விடுதியிலிருந்து விடுதிக்கு வண்டி கொண்டுபோகும். ஸ்பானிய அஞ்சல் துறையே இந்தச் சேவையை நடத்துகிறது, தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு பைக்கு 15 கிலோ வரை என்பது வழக்கமான வரம்பு. காலை எட்டு மணிக்குள் பெயர்ச் சீட்டு கட்டி வரவேற்பு மேசையில் வைத்துவிட வேண்டும். பையை அனுப்பிவிட்டு நடப்பது உண்மையான யாத்திரை அல்ல என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நடங்கள். சான்றிதழ் விதியில் அப்படி எதுவும் இல்லை.

முதுகில் சுமக்கும் சிறிய பையில் கடவுச்சீட்டு, பணம், மருந்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழை அங்கி, ஒரு ஜோடி காலுறை, டேப், பாதாம் அல்லது கடலை மிட்டாய். மருந்தைப் பெரிய பையில் வைக்காதீர்கள். ஊன்றுகோல் இரண்டு எடுத்துப்போங்கள், இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும். விமானத்தில் அதைக் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். கல் பாவிய தெருவில் முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள், தூங்கும் ஊரை எழுப்பக் கூடாது.

பையின் பின்புறம் ஒரு சிப்பி ஓடு கட்டியிருப்பார்கள். விசிறிபோல விரிந்த அந்த ஓடு சந்தியாகப்பரின் அடையாளம்.

முத்திரைச் சீட்டு

கிரெதென்சியால் என்று ஒரு மடிப்புச் சீட்டு தருவார்கள். யாத்திரிகரின் கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள கோயில், விடுதி, காப்பிக் கடை எங்கும் முத்திரை குத்தித் தருவார்கள். சாரியாவிலிருந்து நடப்பவர்கள் நாளுக்குக் குறைந்தது இரண்டு முத்திரை வாங்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பழக்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை கோயில்களில் வாங்குங்கள். சிறிய கிராமக் கோயில்களில் வயதான பெண்மணி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மைப்பெட்டியில் முத்திரையை அழுத்தி, சீட்டில் வைத்து, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டித் தேதி எழுதுவார். 'புவென் கமினோ' என்பார். நல்வழி அமையட்டும் என்று அர்த்தம். எதிரில் வருகிறவர், முந்திப் போகிறவர் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். நீங்களும் சொல்லுங்கள்.

ஐந்து நாள் நடை

முதல் நாள், சாரியாவிலிருந்து போர்த்தோமாரின், 22 கிலோமீட்டர். பழைய கல்பாலத்தைக் கடந்ததும் ஓக் மரக்காட்டில் ஏற்றம். பிறகு இருபுறமும் கல்சுவர் வைத்த ஒடுங்கிய மாட்டுப் பாதைகள், சாண வாசனை, கல்தூண்மேல் நிற்கும் தானியக் களஞ்சியங்கள். ஃபெர்ரெய்ரோஸ் அருகே 100 கிலோமீட்டர் கல் இருக்கிறது. வழி நெடுக இதுபோன்ற கருங்கல் குறிகளில் மீதித் தூரம் செதுக்கியிருக்கும். கடைசி இறக்கம் செங்குத்து, மெதுவாக இறங்குங்கள். நீண்ட பாலம் தாண்டியதும் நேராக உயரமான படிக்கட்டு. களைத்த காலுக்கு அது கொடுமைதான்.

ஏறிப் போய்ப் போர்த்தோமாரின் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 1960களின் தொடக்கத்தில் மீஞோ ஆற்றில் அணை கட்டியபோது பழைய ஊர் நீரில் மூழ்கியது. கோட்டைபோல நிற்கும் அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் மறுபடி கட்டினார்கள். சில கற்களில் அந்த எண்கள் இன்னும் தெரிகின்றன. சுவரில் கைவைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். வெயில் சாயும் நேரத்தில் பக்கவாட்டு ஒளியில் நன்றாகத் தெரியும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் மாதங்களில் பழைய ஊரின் சுவர்களும் ஆற்றோரத்தில் வெளியே வரும்.

இரண்டாம் நாள், பாலாஸ் தே ரெய் வரை 25 கிலோமீட்டர். முதல் பாதி ஏற்றம். லமேய்ரோஸில் ஓக் மரத்தடியில் ஒரு பழைய கற்சிலுவை நிற்கிறது. அங்கே உட்கார்ந்து காலைக் காயவிட நல்ல நிழல்.

மூன்றாம் நாள்தான் கடினம். அர்சூவா வரை 29 கிலோமீட்டர். ஓடைதோறும் இறங்கி ஏற வேண்டும். உங்கள் குழு இதை மெலீதேயில் நிறுத்தி இரண்டாகப் பிரிக்கிறதென்றால் அது நல்ல குழு. மெலீதேக்குச் சற்று முன்னால் ஃபுரேலோஸில் நான்கு வளைவு கொண்ட பழைய பாலம். பாலத்தைத் தாண்டியதும் சிறிய கோயில். உள்ளே சிலுவையில் தொங்கும் இயேசுவின் ஒரு கை ஆணியை விட்டு விடுபட்டுக் கீழே நீண்டிருக்கிறது, நம்மைத் தூக்கிவிட நீட்டியதுபோல. கால் வலியோடு உள்ளே போன எங்கள் குழுவில் யாரும் பத்து நிமிடம் பேசவில்லை. மெலீதேயில் கணவாய்க்கு உறவான எட்டுக்கால் பேய்க்கணவாயை வேகவைத்து, கத்தரியால் வெட்டி, மரத்தட்டில் ஆலிவ் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் கல்லுப்பும் தூவித் தருவார்கள். கடல் உணவு சாப்பிடுகிறவர்கள் விடக் கூடாது. மாலையில் ரிபதிசோவில் ஆற்றோரம் ஒரு பழைய யாத்திரிகர் விடுதி. ஷூவைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விடுங்கள். பனிக்கட்டிபோல் இருக்கும், வீக்கம் இறங்கிவிடும்.

நான்காம் நாள், ஓ பெத்ரௌசோ வரை 19 கிலோமீட்டர். யூகலிப்டஸ் தோப்புகள். எளிதான நாள்.

ஐந்தாம் நாள், 20 கிலோமீட்டர். லவகோயா ஓடையில் அந்தக் காலத்து யாத்திரிகர்கள் குளித்துத் தூய்மையாகித்தான் நகருக்குள் போவார்களாம். பிறகு மோன்தே தோ கோசோ, அதாவது மகிழ்ச்சிக் குன்று. பேராலயக் கோபுரங்கள் முதன்முதலில் கண்ணில் படுவது அங்கேதான். பிறகு நகரத்துச் சாலைகளில் ஒரு மணி நேரம்.

சாப்பாடு

ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். யாத்திரிகர் சாப்பாடு என்று மூன்று வகையும் ரொட்டியும் சேர்த்து அளவான விலையில் தருவார்கள். சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கலீசியச் சூப்பில் கீரையும் உருளைக்கிழங்கும் தெரியும், கொதித்தது பன்றிக்கொழுப்பில் இருக்கலாம். கலவை சாலட் கேட்டால் மேலே சூரை மீன் போட்டு வரும். 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித்தொடை, சூரை எதுவும் வேண்டாம் என்று பொருள். பதிரோன் குடைமிளகாய் வறுவல், அர்சூவா பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் எங்கும் கிடைக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் பசியாற்றும். சிறிய ஊறுகாய்ப் பாக்கெட் சில வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் நன்றி சொல்வீர்கள். குழாய்களில் 'நோ பொத்தாப்லே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் அல்ல.

குழுவில் நடந்துகொள்வது

முதல் நாள் இரவே பேசி முடிவுசெய்யுங்கள்: நடுவில் எந்தக் கடையில் சந்திப்பது, எத்தனை மணிக்கு, வராவிட்டால் யாரை அழைப்பது. எல்லோர் கைப்பேசியிலும் வழிகாட்டியின் எண்ணும் அவசர எண் 112உம் இருக்கட்டும். பேச விரும்புகிறவரோடு பேசுங்கள், மௌனமாக நடக்க விரும்பினால் 'கொஞ்சம் தனியாக நடக்கிறேன்' என்று சொல்லிவிட்டு நடங்கள். இந்தப் பாதையில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. துக்கத்தைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஏன் வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள், பெரும்பாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்கள்.

ஒன்றாகப் போன தம்பதிகளுக்கும் இதைச் சொல்வேன்: உங்கள் வேகம் வேறு, அவர் வேகம் வேறு. பிரிந்து நடந்து, காப்பிக் கடையில் சேருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஓப்ரதோய்ரோ சதுக்கத்தில் கல்தரையில் எல்லோரும் படுத்துக் கிடப்பார்கள். நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், பின்னால் வருகிற உங்கள் குழுவினருக்காகக் காத்திருங்கள். பிறகு கர்ரேத்தாஸ் தெருவில் உள்ள யாத்திரிகர் அலுவலகம். கடவுச்சீட்டும் முத்திரைச் சீட்டும் காட்டினால் கொம்போஸ்தேலா தருவார்கள், கட்டணம் இல்லை. உங்கள் முதற்பெயரை முடிந்தவரை இலத்தீனில் எழுதுவார்கள். சமய நோக்கமா, ஆன்மிக நோக்கமா, வேறு நோக்கமா என்று கேட்பார்கள். வேறு என்றால் தனி வரவேற்புச் சான்றிதழ். கிறிஸ்தவரல்லாதவர்களும் தயங்காமல் உண்மையைச் சொல்லலாம். எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்ற தூரச் சான்றிதழுக்குச் சில யூரோ. காகிதம் கசங்காமல் இருக்க அங்கேயே அட்டைக் குழாய் விற்பார்கள், வாங்கிவிடுங்கள்.

பேராலயத்துக்குள் முதுகுப்பை அனுமதி இல்லை. விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள். நண்பகல் யாத்திரிகர் திருப்பலிக்கு நல்ல இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள். எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுக்க, கூரை வரை ஊசலாடும் பெரிய தூபக்கலசம் எல்லா நாளும் ஆடாது. அதைக் காண்பதற்காகவே வந்தோம் என்று மனதை வைத்துக்கொள்ளாதீர்கள். பீடத்தின் பின்னால் படி ஏறிப் போனால் சந்தியாகப்பர் சிலையைத் தோளோடு அணைத்துக்கொள்ளலாம். கீழே நிலவறையில் வெள்ளிப் பேழை. 1188இல் மத்தேயோ என்ற சிற்பி நிறுவிய மகிமை வாயிலுக்குத் தனி டிக்கெட். அதன் நடுத்தூணில் நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரிகர்கள் கைவைத்துக் கைவைத்து ஐந்து விரலும் பதிந்த பள்ளம் இருக்கிறது. இப்போது தொட விடுவதில்லை. பார்க்கலாம்.

ஊர் திரும்பும் விமானத்தை அன்று மாலைக்கே போட்டுவிடாதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள். மறுநாள் காலை, கால் தானாகவே ஏழு மணிக்கு எழுந்து ஷூவைத் தேடும். அப்போது சதுக்கத்துக்குப் போய் நின்றால், முந்தைய நாள் வழியில் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைப் பார்க்கலாம். எங்கள் அக்கா அங்கேதான் நின்றிருந்தார், சான்றிதழ் இல்லாமல், வருகிறவர்களுக்கெல்லாம் கைதட்டிக்கொண்டு. அந்த 14 கிலோமீட்டரையும் சேர்த்து மறுபடி சாரியாவிலிருந்து நடக்க வேண்டும் என்று அப்போதே தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.